குட்டிக்கு ஒரு விதை இறங்கவில்லையா? கிரிப்டார்கிடிசம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்க்குட்டியைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பரிசோதனை முடிந்ததும் சீட்டின் ஓரத்தில் ‘கிரிப்டார்கிட்’ என்று ஒரு சொல் எழுதப்படுகிறது. வீட்டுக்குப் போனதும் ஒருவர் அது புற்றுநோய் என்கிறார், இன்னொருவர் தானாகச் சரியாகிவிடும் என்கிறார், குட்டியை விற்றவர் ஒரு ஊசி போட்டால் போதும் என்கிறார். சென்னையில் செல்லப்பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு இது பற்றி அடிக்கடி வரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கிரிப்டார்கிட் என்றால் என்ன?

ஆண் விலங்கின் விதை, வர வேண்டிய வயதில் விதைப்பைக்குள் வந்து சேராமல் உடம்புக்குள்ளேயே வழியில் நின்றுவிட்டால் அந்த நிலைக்குக் கிரிப்டார்கிடிசம் என்று பெயர். அந்த நிலையில் இருக்கும் விலங்கு கிரிப்டார்கிட். ‘கிரிப்டோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் மறைந்தது, ‘ஆர்கிஸ்’ என்றால் விதை. அதாவது விதை இல்லாமல் போகவில்லை. இருக்கிறது, கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. இதன் ஆபத்தும் இதற்கான வைத்தியமும் அது உள்ளே இருப்பதால்தான் வருகின்றன.

பாடப்புத்தகங்களில் விந்தகம், விரை என்றெல்லாம் இருக்கும். வீட்டில் எல்லாரும் விதை என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

விதை எங்கிருந்து இறங்குகிறது?

கருவில் விதை உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்தை ஒட்டி. அங்கிருந்து விதைப்பை வரைக்கும் ஒரு தசைநார் அதற்கு வழிகாட்டுகிறது. அந்த நார் முதலில் பருத்து வழியை அகலப்படுத்தி, பிறகு சுருங்கி விதையைக் கீழே கொண்டுவருகிறது. விதையே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனும் ஐ.என்.எஸ்.எல்.3 என்ற ஹார்மோனும்தான் இந்த நாரை இயக்குகின்றன. வயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் நடுவே இங்குயினல் வளையம் என்று ஒரு சின்ன வாசல் இருக்கிறது. விதை அதைத் தாண்டி, தொடை இடுக்கு வழியாகப் பைக்குள் விழ வேண்டும்.

கன்றுக்குட்டி பிறக்கும்போதே இந்தப் பயணம் முடிந்திருக்கும். நாய்க்கு அப்படியில்லை. பிறந்த சில நாளில்தான் விதை அந்த வாசலைத் தாண்டும், அப்புறம் சில வாரங்களில் பைக்கு வரும். இந்த வழியில் எங்கே வேண்டுமானாலும் அது நின்றுவிடலாம்.

சீட்டில் ‘ரைட் யூனிலேட்டரல் இங்குயினல்’ என்று நீளமாக எழுதியிருக்கிறது. எப்படிப் படிப்பது?

அது மூன்று தகவல். யூனிலேட்டரல் என்றால் ஒரு பக்கம் மட்டும், பைலேட்டரல் என்றால் இரண்டு பக்கமும். ரைட், லெஃப்ட் என்பது எந்தப் பக்கம் என்று சொல்கிறது. நாய்களில் ஒரு பக்கம் நிற்பதுதான் அதிகம், அதிலும் வலது பக்கம். கடைசிச் சொல் விதை நிற்கும் இடம். இங்குயினல் என்றால் தொடை இடுக்கில் தோலுக்குக் கீழே, அப்டாமினல் என்றால் வயிற்றுக்குள். அறுவை சிகிச்சை சிறியதா பெரியதா என்பதை முடிவு செய்வது இந்தக் கடைசிச் சொல்தான். சீட்டில் இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘ரிடெயின்ட் டெஸ்டிகிள்’ என்று எழுதியிருந்தாலும் இதே பொருள்தான்.

‘மோனார்கிட்’ என்று எழுதியிருக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் ஒன்றாகவே புழங்குகிறது. மோனார்கிட் என்றால் பிறவியிலேயே ஒரே ஒரு விதைதான் உருவாகியிருக்கிறது, இன்னொன்று உடம்பில் எங்குமே இல்லை என்று அர்த்தம். அது மிக அபூர்வம். வெளியே ஒன்று மட்டும் தெரிகிற நாய்களுக்குக் கிட்டத்தட்ட எப்போதும் இன்னொன்று உள்ளேதான் இருக்கும். ஆனாலும் நாய் வளர்ப்பவர்களும், சில பழைய புத்தகங்களும் ஒற்றை விதை தெரிகிற நாயை மோனார்கிட் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

இந்தக் குழப்பத்தால் பாதிக்கப்படுவது நாய். ‘இதற்கு ஒன்றுதான், மோனார்கிட்’ என்று நம்பி, வெளியே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டால் உள்ளே இருப்பதை அதன்பின் யாரும் தேடுவதில்லை. வெளியே பார்த்தால் கருத்தடை செய்த நாய். உள்ளே ஒரு விதை பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். அதனால் மோனார்கிட் என்ற சொல்லைப் பார்த்தால், எதை வைத்து அப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

எந்த வயது வரை காத்திருக்கலாம்?

பெரும்பாலான குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்துக்குள் இரண்டும் கைக்குப் பட்டுவிடும். 8 வாரத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் சந்தேகக் குறிப்பு எழுதிக்கொள்வோம், அவ்வளவுதான். அடுத்தடுத்த தடுப்பூசிக்கு வரும்போது மறுபடி பார்ப்போம். 4 மாதத்துக்கு மேல் இறங்குவது குறைவு. 6 மாதத்தில் இல்லையென்றால் கிரிப்டார்கிட் என்று உறுதியாக எழுதலாம், அதற்குள் அந்த வாசல் சுருங்கிவிடும். ‘ஒரு வயசு வரைக்கும் பாருங்க சார், இறங்கிடும்’ என்று விற்றவர் சொல்வதை வைத்துக் காத்திருக்காதீர்கள்.

வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும், அவசரப்படாமல் பார்த்தால். குட்டியை நிற்கவையுங்கள், ஒருவர் முன்னால் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுக்கட்டும். உங்கள் கை சில்லென்று இருக்கக் கூடாது. பின்பக்கமிருந்து கையைக் கொண்டுபோய், தொடை இடுக்கில் ஆரம்பித்து, ஆண்குறிக்குப் பக்கவாட்டில் விதைப்பையை நோக்கி விரல் நுனியால் மெல்ல வழித்துக்கொண்டு வாருங்கள். அழுத்த வேண்டாம். விதை இருந்தால் விரலுக்கடியில் வழுக்கி நகரும், வழவழப்பாக, சற்றுக் கெட்டியாக இருக்கும். அந்த இடத்தில் கொழுப்புக் கட்டியும் நிணநீர்க் கட்டியும் உண்டு. அவை அப்படி வழுக்காது. இருந்தாலும் முதல்முறை தடவிப் பார்ப்பவர்கள் அவற்றை விதை என்று நினைத்துவிடுவது சகஜம்.

ஏசி அறையில் பார்க்காதீர்கள். குளிரிலும் பயத்திலும் குட்டி விதையை மேலே இழுத்துக்கொள்ளும். மதிய நேரத்தில், தூங்கி எழுந்து சோம்பலாக இருக்கும்போது பால்கனியில் பாருங்கள். ஒரு நாள் பைக்குள் பட்டு, மறுநாள் படாமல் போனால் அது இழுபடும் விதை. அதுவும் கிரிப்டார்கிட்டும் வேறு வேறு. அப்படிப் பார்த்ததை டாக்டரிடம் சொல்லுங்கள், உதவியாக இருக்கும்.

சென்னை வெயில்தான் காரணமா? சத்துக் குறைவா? ஓடி விளையாடும்போது அடிபட்டிருக்குமா?

இவை எதுவும் இல்லை. வெயிலுக்கு விதைப்பை தளர்ந்து தொங்கும், அவ்வளவே. முட்டை, கால்சியம், மீன் எண்ணெய் எது கொடுத்தும் இதை இறக்க முடியாது. நீங்கள் வளர்த்த விதத்தில் வந்த குறை அல்ல இது.

அப்படியானால் ஏன் வருகிறது?

பெரும்பாலும் பரம்பரை. பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா, மினியேச்சர் பூடில் போன்ற சின்ன இனங்களில் அதிகம். பாக்ஸரிலும் ஜெர்மன் ஷெப்பர்டிலும்கூடக் காண்கிறோம். இனத்தையும் ஊரையும் பொறுத்து ஆண் நாய்களில் 1 முதல் 10 சதவீதம் வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது இது ஆயிரத்தில் ஒன்று என்கிற மாதிரி அபூர்வமான கோளாறு அல்ல.

ஊசி போட்டால் இறங்கும் என்கிறார்களே?

எச்.சி.ஜி., ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் ஊசிகளைத்தான் சொல்கிறார்கள். நாய்களில் இவை நம்பும்படி வேலை செய்கின்றன என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை. சின்ன வயதில் ஊசி போட்டு இறங்கிய சில குட்டிகளைக் காட்டுவார்கள். அந்த வயதில் ஊசி இல்லாமலே இறங்கியிருக்கக்கூடியவை அவை. இன்னும் ஒன்று இருக்கிறது. ஊசியால் இறங்கினாலும் மரபணு மாறுவதில்லை. குறையை மறைத்துக் குட்டியை விற்கவோ, அதை வைத்துக் குட்டி எடுக்கவோதான் அது பயன்படும். பைக்குள் இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சையையும் இதே காரணத்துக்காக நாய்களுக்குச் செய்வதில்லை. நான் எழுதித்தர மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

நன்றாகத்தானே ஓடி விளையாடுகிறது. அப்படியே விட்டால் என்ன?

இளம் வயதில் ஒன்றும் தெரியாது. வலி இருக்காது, சாப்பாடு குறையாது. அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணமே சூடு. உடல் சூட்டைவிடச் சில டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு உருவாகும். உள்ளே நிற்கும் விதை நாள் முழுக்க 38, 39 டிகிரி செல்சியஸில் கிடக்கிறது. அதில் விந்தணு உருவாகாது, ஆனால் ஆண் ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். வருடம் போகப் போக அதில் கட்டி வரும் வாய்ப்பு ஏறுகிறது. இறங்கிய விதையோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கும் மேல் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. செமினோமா, செர்டோலி செல் கட்டி என்ற இரண்டும் முக்கியமானவை.

செர்டோலி கட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வேறு நோய் போல வேடம் போட்டு வரும். அந்தக் கட்டி பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜெனைச் சுரக்கும். நடுவயது ஆண் நாய்க்கு இரண்டு விலாப் பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டும், சொறி இருக்காது. முலைக்காம்புகள் பெரிதாகும். ஆண்குறித் தோல் தளர்ந்து தொங்கும். தெருவில் நடத்திக்கொண்டு போனால் மற்ற ஆண் நாய்கள் பெட்டை என்று நினைத்துப் பின்னாலேயே வரும். வீட்டில் இருப்பவர்கள் தோல் வியாதி என்று எண்ணெயும் ஷாம்புவும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஈஸ்ட்ரோஜென் அதிகமாகி எலும்பு மஜ்ஜையைத் தாக்கினால் ரத்தம் ஊறுவது நின்றுபோகும். ஈறு வெளுக்கும், தோலில் சிவப்புப் புள்ளி வரும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது கஷ்டம். கட்டியை முன்பே எடுத்துவிட்டால் பெரும்பாலும் முடிகூடத் திரும்ப முளைத்துவிடும்.

இன்னொன்று முறுக்கிக்கொள்வது. வயிற்றுக்குள் பிடிப்பில்லாமல் தொங்கும் விதை, அதிலும் கட்டி வந்து கனத்த விதை, தன் காம்பிலேயே திருகிக்கொள்ளும். திடீர் வாந்தி, வயிற்றைத் தொட விடாமல் கூனிக்கொண்டு நிற்பது, சோர்வு. விதை இறங்காத நாய்க்கு இப்படி வந்தால் இரவானாலும் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

இறங்காததை மட்டும் எடுத்துவிட்டு, இறங்கியதை விட்டுவிடலாமா?

கூடாது, இரண்டையும் எடுக்க வேண்டும். இறங்கிய விதை ஒழுங்காக விந்து தரும், குறை அடுத்த தலைமுறைக்குப் போகும். வெளியே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே இருப்பதை விடுவது அதைவிட மோசம். ஆபத்தான விதையையே விட்டுவைத்ததாகும்.

அறுவை சிகிச்சை எப்படி இருக்கும்? எங்கே செய்யலாம்?

முதலில் ரத்தப் பரிசோதனை. தொடை இடுக்கில் கைக்குப் படவில்லை என்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஸ்கேனில் விதை தெரியாமல் போவதும் உண்டு, அதனால் ‘ஸ்கேனில் இல்லை’ என்றால் ‘உடம்பில் இல்லை’ என்று ஆகாது. இங்குயினல் என்றால் அந்த இடத்திலேயே சின்னக் கீறல் போதும். அப்டாமினல் என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும், வசதி உள்ள இடங்களில் லேப்ராஸ்கோப்பி மூலம் செய்வார்கள்.

எடுத்த பிறகு இரண்டு விதையையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரிமையாளருக்குக் காட்டுவது என் வழக்கம். பையில் இருந்தது பளபளவென்று உருண்டு திரண்டு இருக்கும். வயிற்றில் இருந்தது பல நேரம் ஊறவைத்த வேர்க்கடலை போலச் சின்னதாக, அழுத்தினால் தொளதொளவென்று இருக்கும். ஒரு லாப்ரடாரின் இரண்டையும் அப்படிப் பார்த்துவிட்டு, அவ்வளவு நேரம் ‘ஆபரேஷன் தேவையா சார்’ என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

6 மாதம் தாண்டியதும் செய்யலாம். லாப்ரடார், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களுக்கு மூட்டு வளர்ச்சிக்காக ஒரு வயதுக்கு மேல்வரை தள்ளிப்போடலாம். கட்டி வருவது வருடக் கணக்கு என்பதால் சில மாதத் தாமதத்தில் கெடுதல் இல்லை. ஆனால் தேதி குறித்துவிட்டுத் தள்ளிப்போடுங்கள், மறந்துவிடாதீர்கள். தையல் ஆற 10 முதல் 14 நாள். அந்த நாட்களில் நக்காதபடி கழுத்துக் காலர் கட்டாயம், குளிக்க வைக்கக் கூடாது. பழைய விந்து சில வாரம் குழாயில் தங்கியிருக்கும். எனவே ஒரு மாதத்துக்கு ஹீட்டில் இருக்கும் பெட்டை நாயோடு விட வேண்டாம்.

வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. அதன் மருத்துவமனையில் ஸ்கேனும் அறுவை சிகிச்சையும் ஒரே வளாகத்தில் உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். எங்கே செய்தாலும் டிஸ்சார்ஜ் சீட்டில் ‘இரண்டு விதையும் எடுக்கப்பட்டது’ என்று எழுதி வாங்குங்கள்.

ஒன்று இறங்கியிருக்கிறதே, குட்டி பிறக்கும்தானே? ஒரே ஒரு முறை க்ராஸ் போட்டுவிட்டு ஆபரேஷன் செய்யலாமா?

பிறக்கும். அதுதான் பிரச்சினையே. இரண்டும் இறங்காத நாய்க்கு ஆசையெல்லாம் இருக்கும், ஏறும், ஆனால் விந்தணு இருக்காது. அதன் குறை அதோடு முடிந்துவிடும். ஒன்று இறங்கிய நாய்க்குக் குட்டி பிறக்கும், அதனால் இந்தக் குறை பரவுவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான்.

இதைத் தாங்கும் மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருகிறது. பெட்டைக்கு விதை இல்லாததால் அவளிடம் எதுவும் தெரியாது, ஆனால் அவளும் கொடுப்பாள். ஆகவே ஈற்றில் ஒரு கிரிப்டார்கிட் குட்டி வந்தால் அந்தக் குட்டியை மட்டும் ஒதுக்கினால் போதாது. அதே ஜோடியை மறுபடி சேர்க்கக் கூடாது, கூடப்பிறந்த பெட்டைகளை வைத்துக் குட்டி எடுப்பதையும் தவிர்க்க வேண்டும். ப்ரீடர்களுக்கு இது கசப்பான பேச்சு என்று தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

இதில் எனக்குப் பெரிய கவலை நம் ஊர் நாய்களைப் பற்றித்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றை ஆர்வத்தோடு வாங்கி வளர்க்கிறவர்கள் இப்போது சென்னையில் நிறைய இருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் சுத்தமான வம்சம் என்று கிடைப்பவை கொஞ்சம்தான், அவற்றுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்க்கிறார்கள். அந்தச் சின்ன வட்டத்துக்குள் நல்ல கால், நல்ல நிறம் இருக்கிறது என்பதற்காக ஒற்றை விதை நாய் ஒன்றைக் கிடாவாக விட்டால், சில தலைமுறையில் அது எல்லா வீட்டுக்கும் போய்விடும். குட்டிக்கான பணம் உங்களுக்கு ஒருமுறை வரும். குறை அந்த வம்சத்தோடு தங்கிவிடும். ஒருமுறைகூட வேண்டாம்.

டாக் ஷோவில் கலந்துகொள்ளலாமா?

முடியாது. ஆண் நாய்க்கு இயல்பான இரண்டு விதைகளும் முழுமையாக இறங்கியிருக்க வேண்டும் என்பது இனத் தரநிலைகளில் வழக்கமாக எழுதப்படும் வரி. நடுவர் கையால் தொட்டுப் பார்ப்பார்.

பூனைக்கும் வருமா?

வரும், நாயைவிடக் குறைவு, பெர்ஷியனில் சற்று அதிகம். பூனைக்கு இரண்டும் பிறக்கும்போதே இறங்கியிருப்பது வழக்கம். கருத்தடை செய்ததாகச் சொல்லித் தத்துக் கொடுத்த கடுவன் வீடு முழுக்க மூத்திரம் பீய்ச்சி, அதன் வீச்சம் தாங்க முடியவில்லை என்றால் உள்ளே ஒன்று நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண் ஹார்மோன் இருந்தால் பூனையின் ஆண்குறியில் சின்னச் சின்ன முட்கள் இருக்கும், கருத்தடைக்குப் பின் சில வாரங்களில் மறைந்துவிடும். டாக்டர் அதைப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடுவார்.

ஆடு, மாடு, குதிரை?

கிடாவுக்கும் காளைக்கும் உண்டு. காயடிக்கும் பர்டிசோ இடுக்கி வெளியிலிருந்து விதையின் காம்பை நசுக்குவது, எனவே பைக்குள் இல்லாத விதையை அது ஒன்றும் செய்யாது. அப்படிப்பட்ட கிடாவைக் காயடித்துவிட்டோம் என்று மந்தையில் விட்டால் முட்டிக்கொண்டும் ஏறிக்கொண்டும் திரியும்.

குதிரைக்காரர்கள் இதை ‘ரிக்’ என்பார்கள். காயடித்த குதிரை என்று வாங்கி வந்தது பெட்டைக் குதிரையைக் கண்டதும் கனைத்து, கடித்து, கட்டுக்கு அடங்காமல் போனால் முதலில் ரத்தத்தில் ஹார்மோன் பரிசோதனை செய்ய வேண்டும். மெரினா மணலில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் குதிரை விஷயத்தில் இது விளையாட்டல்ல.

எங்கள் தெருவில் காது வெட்டிய ஆண் நாய்க்கு இன்னும் ஒரு விதை இருக்கிறது. கருத்தடை சரியாகச் செய்யவில்லையா?

காதில் வெட்டு இருந்தால் கருத்தடை முகாமுக்குப் போய்வந்த நாய் என்று அடையாளம். அறுவை சிகிச்சைக்குப் பின் பை வெறுமையாகத் தொங்குவதும் சில நாள் வீங்கியிருப்பதும் இயல்பு. அதை விதை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பல மாதம் கழித்தும் கெட்டியாக ஒன்று தெரிந்தாலோ, அந்த நாய் பெட்டைகளோடு சேர்ந்தாலோ படம் எடுத்து, எந்தத் தெரு என்ற விவரத்தோடு மாநகராட்சியிடம் சொல்லுங்கள். நீங்களே பிடித்துத் தொட்டுப் பார்க்க வேண்டாம், கடித்துவிடும்.

என் ஆண் குழந்தையின் சீட்டிலும் இதே சொல் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

சொல் ஒன்றுதான், வைத்தியம் நேர் எதிர். நாய்க்கு எடுத்துவிடுகிறோம், குழந்தைக்குக் கீழே இறக்கிப் பையில் வைத்துத் தைத்துக் காப்பாற்றுகிறார்கள். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருக்கும், குறைமாதத்தில் இன்னும் அதிகம். பலருக்கு முதல் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். 6 மாதம் ஆகியும் இறங்கவில்லை என்றால் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள், ஒன்றரை வயதுக்குள் முடித்துவிடுவது நல்லது. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் இதற்கான பிரிவு இருக்கிறது. இந்தப் பக்கத்தில் கட்டி, ஈஸ்ட்ரோஜென் என்று நாய்க்காக எழுதியதைக் குழந்தையோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம்.